மாரியாத்தாவுக்குக் கொடுத்த சீடிப்பெட்டி

என்னிடம் ஒரு ஹெவி மெட்டல் பேண்டின் ஆல்பங்கள் எல்லாமே இருந்தன. மொத்தம் ஒன்பது. எல்லாம் அசல் சீடி, கள்ளக் கொப்பி ஒன்றுகூடக் கிடையாது. இதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரிடம் சொன்னாலும் "அதுக்கென்ன இப்ப?" என்பார்கள். அதற்கு ஒன்றுமில்லைதான். ஆனால் ஒரு காலத்தில் அந்தப் பெட்டியை யாராவது தொட்டால் கையை முறித்துவிடுகிற ஆளாக இருந்தேன்.

நான் வேன் ஓட்டுகிறவன். நானுஓயா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும் வெள்ளைக்காரர்களை நுவரெலியா ஹோட்டல்களில் கொண்டுபோய் விடுவேன். வீடு ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் கடைசி அறை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். நான் ஒரே பிள்ளை.

வேனுக்கு முன்னாலேயே பாட்டு வந்துவிட்டது. பதினேழு வயதில் ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் சீடிக் கடைக்குப் போனேன். சிங்களப் பாட்டு, ஹிந்திப் பாட்டு, பக்திப் பாட்டு என்று கலந்து கிடந்த குவியலுக்குள், எலும்புக்கூடு ஒன்று படகு வலிக்கிற படத்தோடு ஒரு சீடி கிடந்தது. படத்துக்காகத்தான் வாங்கினேன். வீட்டில் போட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டாள். "என்னடா இது, இவனுக்கு வயித்து வலியா?" என்றாள். அப்பா, "பன்னி அறுக்குற மாதிரி இருக்கு" என்றார். எனக்கோ, என் நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடந்ததை வேறு யாரோ கத்தித் தீர்க்கிற மாதிரி இருந்தது. அந்த வயதில் எனக்கு எல்லார் மேலும் கோபம். தோட்டத்தை நடத்துகிற துரை மேல், வாத்தியார் மேல், விடாமல் பெய்கிற மழை மேல். என்னைவிடக் கோபக்காரர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அசல்தான் வாங்குவது, வெளிவந்த வரிசைப்படிதான் கேட்பது. நானாவிடம் ஆறாவது ஆல்பம் வந்தபோது என்னிடம் ஐந்தாவது இல்லை. ஆறாவதை வாங்கி, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் இரண்டு வருடம் வைத்திருந்தேன். "கேக்காம வைக்கிறதுக்கு எதுக்கு தம்பி வாங்குறீங்க?" என்று நானா தலையில் அடித்துக்கொள்வார். பிறகு ஒரு நாள் நானுஓயாவில் ஏறிய வெள்ளைக்காரர் ஒருவர், வேனில் ஓடிய பாட்டைக் கேட்டுவிட்டு முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். நுவரெலியா வரும்வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஐந்தாவது ஆல்பம் கிடைக்காத கதையைச் சொன்னேன். மனிதர் ஊருக்குப் போய் மறக்காமல் அனுப்பிவைத்தார். அந்தப் பார்சலைத் தோட்டத்து ஆபீசில் கையெழுத்துப் போட்டு எடுத்த நாளில் வாடகைக்கு ஒரு ஹயரும் போகவில்லை. ரோட்டோரம் வேனை நிறுத்தி, ஐந்தையும் ஆறையும் அடுத்தடுத்துக் கேட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

அப்படி அழுத அந்தப் பழைய நான் எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. எப்போது போனான் என்று மட்டும் கொஞ்சம் தெரியும். டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் நானும் மூன்று நாள் வேனுக்குள்ளேயே கிடந்தேன். பாட்டைப் போட்டுவிட்டு முன்னால் நின்ற லொறியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற பஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, பாட்டு நின்னு ரொம்ப நேரமாச்சு. பேட்டரி போயிருச்சு போல" என்றார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பிறகு வரிசை முடிந்தது. டீசல் வந்தது, வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். எனக்குள்தான் எதுவும் திரும்பி வரவில்லை. சாவு வீட்டுக்குப் போனால் சும்மா நின்றேன், கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படியே நின்றேன். ஒரு ஹோட்டல்காரன் ஹயர் காசைத் தராமல் ஏமாற்றியபோதுகூடக் கோபம் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒன்பதாவது ஆல்பம் வந்தது அப்போதுதான். நானா இப்போது போன் கவரும் சார்ஜரும்தான் விற்கிறார். எனக்காக மட்டும் கொழும்பில் யாரிடமோ சொல்லி எடுப்பித்திருந்தார். வாங்கிக்கொண்டு வந்து பெட்டியில் போட்டேன். பிரிக்கவில்லை. இந்தத் தடவை வரிசைப் பிரச்சினை எதுவும் இல்லை, பிரிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வேனில் வழக்கம்போலப் பாட்டு ஓடியதால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த குளிரில் அப்பாவுக்கு நியூமோனியா. நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் ஐ.சீ.யூ.வில் மெஷின் வைத்து மூச்சு விட்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, பயம் வரவில்லை. பத்தாம் நாள் மெஷினை எடுத்து வார்டுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது அவள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"ஒங்கிட்ட ஒன்னு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லும்மா."

"அப்பாவ காப்பாத்திக் குடுன்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். சேவலு, சேலைன்னு சொன்னா போதாதுன்னு தோனுச்சு. நீ எதை உசுருக்கு மேல வச்சிருக்கியோ அதைத் தாரேன்னு சொல்லிட்டேன். அந்த சீடிப்பெட்டிய. இனிமே அந்தப் பாட்டையும் கேக்க மாட்டான்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருக்கிறாள். முன்பு அந்தப் பெட்டி மேல் அவள் தெரியாமல் வெந்நீர்க் கேத்தலை வைத்ததற்கே இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவன் நான். "சரி, குடுத்துருவோம்" என்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தகப்பனுக்காக எப்படி மனதைக் கல்லாக்கிக்கொள்கிறான் பார் என்று நினைத்திருப்பாள். நான் உள்ளே தேடிப் பார்த்தேன். வலி என்று எதுவும் தட்டுப்படவில்லை.

அப்பா வீடு வந்து சேர்ந்த பிறகு தோட்டத்துக் கோயிலில் திருவிழா வந்தது. பெட்டியைக் கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்தோம். அவர் திறந்து, எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு மிரண்டுபோனார். "இத எப்படி ஆத்தா காலடியில வைக்கிறது?" என்றார். கோயில் தலைவர் எட்டிப் பார்த்து, "காளியாத்தா கழுத்துல இல்லாத மண்டை ஓடா? வைங்க சாமி" என்றார். குங்குமம் தொட்டு வைத்தார்கள். திருவிழா கடைசி நாளில், ஆத்தாவுக்கு வந்த சாமான்களை எங்கள் கோயிலில் ஏலம் விடுவார்கள். தேங்காய், எலுமிச்சம்பழம், சேவல் எல்லாம் போனபின் தலைவர் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இங்கிலீஷ் பாட்டு சீடி, ஒம்பது. அதுல ஒன்னு பிரிக்கவே இல்ல, புத்தம் புதுசு." ஜனம் சிரித்தது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் தோட்டத்தில் பெண் எடுத்த ராகலைக்காரர் ஒருவர் கை தூக்கினார். அவருக்கு மரக்கறித் தோட்டம் இருக்கிறது, போஞ்சி என்று நாங்கள் சொல்லும் பீன்ஸ்தான் அதிகம். "பாட்டுக் கேக்கவா?" என்று தலைவர் கிண்டலாகக் கேட்டார். "இல்லங்க, போஞ்சிப் பாத்தியில கட்டித் தொங்கவிட. வெயில்ல மின்னுனா குருவி வராது" என்றார் அவர்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா லயம் லயமாகச் சொல்லித் திரிந்தாள். "எம்புள்ள ஒரு வார்த்த பேசல. அப்பா உசுருக்காக உசுரா வச்சிருந்தத குடுத்துட்டான்." பெண்கள் என்னைப் பார்த்து, "தங்கமான புள்ள" என்றார்கள். அப்பா ஒரு நாள் வாசலில் வெயில் காய்ந்துகொண்டே, "வேன் வர்றது இப்பல்லாம் தெரியவே மாட்டேங்குது. முந்தி மேல் ரோட்டுல வரும்போதே பன்னி கத்துற சத்தம் கேக்கும்" என்றார். அவர் தமாஷாகத்தான் சொன்னார்.

என் பிரச்சினையை இங்கே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அம்மா ஆத்தாவிடம் கொடுத்த வாக்கு, நான் உயிராக நினைக்கிற பொருளைத் தருவதாக. நான் கொடுத்ததோ, எனக்கு ஒன்றுமே இல்லாமல் போயிருந்த ஒரு பெட்டியை. அப்படியானால் கொடுத்ததாகக் கணக்கா? எனக்கு சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை. ஆனாலும் அப்பா இருமும்போதெல்லாம், ஏமாற்றிவிட்டோமோ என்று தோன்றும். அந்தப் பாட்டு இன்னும் பிடிக்கிறதா என்று போனில் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் ஓசியில் கிடைக்கிறது. கேட்டுப் பிடித்துவிட்டால் நான் கொடுத்தது உண்மையான காணிக்கை. ஆனால் கேட்டால் வாக்கு முறிந்துவிடும். இந்தக் கிறுக்குத்தனத்தில் மாதக்கணக்காகக் கிடந்தேன். ஒரு தடவை ராகலைக்கு ஹயர் போனபோது அந்தப் போஞ்சிப் பாத்தியையும் பார்த்தேன். ஒன்பதும் நூலில் தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. வேனில் இருந்த வெள்ளைக்காரப் பெண் அழகாக இருக்கிறதென்று போட்டோ எடுத்தாள். அவளுக்காக வேனைக் கொஞ்சம் மெதுவாக்கினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அப்பாவுக்கு மறுபடி சளி கட்டி மூச்சு வாங்கியது. வார்டில் நிறுத்திக்கொண்டார்கள். பத்து நாளில் நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது, அவரை வார்டில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலையைப் பற்றி.

அம்மா மஞ்சளில் நனைத்த துணித் துண்டை மடியில் விரித்து, ஒரு காசோடு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேண்டிக்கொண்டு காசை அதில் முடிந்து வைத்தால், சொன்னதைக் கொடுத்தே ஆக வேண்டும். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"போன தடவ ஒன்னைய கேக்காம செஞ்சிட்டேன். இந்த தடவ கேட்டுட்டே செய்றேன். இப்ப ஒனக்கு எது ரொம்பப் புடிக்கும்?"

நான் யோசித்தேன். வேன்? அது வேலை. போன்? இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஆட்டிறைச்சி, கிரிக்கெட், கூட்டாளிமார் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அம்மா காசைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒன்னுமில்லம்மா" என்றேன்.

"சும்மா சொல்லு. பொண்ணு யாராச்சும் இருந்தாலும் சொல்லு."

"நெசமாவே ஒன்னுமில்ல. அந்தப் பாட்டுகூட அப்பவே எனக்கு விட்டுப்போச்சு. பெட்டிய குடுக்கும்போது எனக்கு ஒன்னும் தோனல. ஒங்கிட்ட சொல்ல முடியல."

திட்டுவாள் என்று நினைத்தேன். ஆத்தாவையே ஏமாத்திட்டியேடா பாவி என்பாள், அப்பா மறுபடி படுத்ததற்கு இதுதான் காரணம் என்பாள் என்று காத்திருந்தேன். அம்மா கையிலிருந்த காசை மடியில் வைத்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"டீசல் வரிசையில நின்னதுல இருந்து."

"அவ்வளவு நாளாவா. நான் பாக்கலியேடா" என்றாள். பிறகு அப்பாவுக்கு ஒரு சேவல் என்று சொல்லிக் காசை முடிந்தாள். முடிந்தபின் துணியில் இன்னொரு துண்டு கிழித்து, டப்பாவிலிருந்து இன்னொரு காசு எடுத்தாள்.

"இது யாருக்கும்மா?"

"ஒனக்கு. நீ பழையபடி ஆகுற வரைக்கும் நான் தேத்தண்ணி குடிக்க மாட்டேன்."

அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கப் தேத்தண்ணி வேண்டும். கண் விழித்ததும் ஒன்று குடிக்காவிட்டால் தலைவலி வந்து சுருண்டுவிடுவாள். மலையில் நாற்பது வருடம் குளிரில் நின்ற உடம்பு அது. "வேணாம்மா" என்றேன். அதற்குள் முடிச்சைப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை எனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவள் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து வெந்நீர் குடித்தாள். "குடி, ஆறிப்போகும்" என்றாள். கப்பை டொக்கென்று கீழே வைத்தேன்.

"யாரும்மா ஒன்னைய இதெல்லாம் செய்யச் சொன்னா?" என்று கத்தினேன். "நான் கேட்டேனா? ஒனக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எங்க போய் நிக்கிறது?" பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எனக்குத் தொண்டை வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அப்படியும் நிறுத்த முடியவில்லை.

அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"கத்துடா" என்றாள். "இன்னும் கொஞ்சம் கத்து."