ஒரு மணிக்குள் முப்பது லீற்றர்

அன்று காலை ஏழரைக்குள் நடந்தவை:

1. ஆறு ஐம்பத்தைந்துக்கு உடுப்புத் தோய்க்கும் அறையைத் திறந்தேன்.
2. பியர் காய்ச்சும் பானையின் சூட்டைக் கட்டுப்படுத்த நானே செய்த மின்பெட்டியின் பிளக்கைச் செருகினேன். ட்ரிப் சுவிட்ச் விழவில்லை.
3. தண்ணீர் விடுவதற்கு முன் பானைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
4. அடியில் உள்ள வெப்பச் சுருளில் பழுப்பாக ஏதோ தீய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீரைத் தவிர வேறெதையும் நான் அந்தப் பானையில் கொதிக்கவைத்ததில்லை.
5. மணந்து பார்த்தேன். பால்.
6. மேலே போய் அம்மாவிடம் கேட்டேன். "ஓம், நான்தான்," என்றார்.

துன் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரே ஒரு தோய்க்கும் அறை. யார் எப்போது தோய்ப்பது என்ற அட்டவணை அதன் கதவில் தொங்கும். அந்தச் சனிக்கிழமை ஏழு மணி முதல் ஒரு மணி வரை எங்கள் முறை. என் பானைக்குத் தேவையான மூன்று பேஸ் மின்சாரம் கட்டடத்தில் அந்த அறையில் மட்டுமே பிளக் செருகி எடுக்கக்கூடியதாக இருந்தது. கட்டடத்தைப் பராமரிக்கும் அப்வார்ட் யோசித்து யோசித்துத்தான் சம்மதித்தார். அவருடைய நிபந்தனைகள் மூன்று: ட்ரிப் சுவிட்ச் ஒருதரமும் விழக்கூடாது, நிலம் ஒட்டக்கூடாது, ஒரு மணிக்கு வரும் இரண்டாம் மாடி அம்மா ஒரு நிமிடமும் காத்திருக்கக்கூடாது. ஒன்று பிசகினாலும் அந்தப் பிளக்குக்குப் பூட்டு. தொழிற்பயிற்சி முடித்த பிறகு இரண்டு குளிர்காலம் முழுவதும் அந்தப் பெட்டிக்கு வயர் பூட்டியிருந்தேன். பூட்டு விழுந்தால் அதைக் கொண்டுபோக வேறு இடமில்லை.

முதல்நாள் பின்னேரம் அப்வார்ட்டுக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக் காட்டிவிட்டு, ஈஸ்ட் வாங்கப் பக்கத்து நகரமான பேர்ணுக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் அம்மா இரண்டு லீற்றர் பாலோடு கீழே இறங்கியிருக்கிறார். சுவிட்சைப் போட்டது அப்பா.

"நான் அப்பவே சொன்னனான், சின்னச் சட்டியிலை காய்ச்சினால் காணும் எண்டு," என்றார் அப்பா, தேத்தண்ணிக் கோப்பைக்குப் பின்னால் இருந்து. அவர் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர். அடிப்பிடிப்பது எப்படி என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மா, பியர் காய்ச்சவே வேண்டாம் எண்டனீங்கள். பிறகு ஏன் பால்?"

"புதுசா ஒண்டு தொடங்கேக்கை பால் பொங்க வைக்காமல் விடுறதோ? அதுக்குப் பிறகு நீ அதிலை என்னத்தைக் காய்ச்சுறாய் எண்டது உன்ரை பிரச்சினை."

"பொங்கினதோ?"

"இல்லை. பொங்க முதலே கரிஞ்சு போச்சு. அதுதான் உனக்குச் சொல்லேல்லை."

அவ்வளவு பெரிய பானையில் இரண்டு லீற்றர் பால் இரண்டு விரல் உயரம்கூட நிற்காது. சுருளின் பாதி காய்ந்தபடியே எரிந்திருக்கும். கோபப்பட்டால் நேரம் போகும் என்பதால் மின்சாரம் அளக்கும் மீற்றரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சுருள் உடையவில்லை, மின் கசிவும் இல்லை. அலமாரியில் கல்சியப் படிவு நீக்கும் சித்திரிக் அமிலத் தூள் இருந்தது. அதைச் சுடுநீரில் கரைத்து ஊறவைத்து, மரக்கரண்டியின் காம்பால் சுரண்டி, மூன்று தரம் கழுவினேன். எட்டு மணி பத்து நிமிடம். எழுபது நிமிடங்கள் போய்விட்டன.

என் பழைய திட்டம் பன்னிரண்டரைக்கு முடிவது. இப்போது ஒன்று நாற்பதுக்கு முடியும். திட்டத் தாளைத் திருப்பி, வெட்டக்கூடியவற்றை எழுதினேன். மோல்ட், அதாவது முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி, சுடுநீரில் ஊறுவது ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக முக்கால் மணி. ஆறவைப்பது நாற்பது நிமிடத்துக்குப் பதிலாக இருபத்தைந்து; மார்கழி மாதத்துக் குழாய்த் தண்ணீர் அதற்குப் போதிய குளிர். கழுவும் வேலையில் பாதி, கொதிக்கும்போதே; அதில் இருபது நிமிடம். ஐம்பது நிமிடங்கள் திரும்பக் கிடைத்தன. முடிவு: பன்னிரண்டு ஐம்பது. கொதிக்கும் நேரத்தில் நான் கைவைக்கவில்லை.

அறுபத்தாறு பாகையில் பெட்டி கிளிக் என்று நின்றது, திரும்ப எழும்பியது, அரைப் பாகைக்கு மேல் விலகவில்லை. முக்கால் மணியில் ஒரு சொட்டு அயடின் விட்டுப் பார்த்தேன். நீலமாகவில்லை, மாச்சத்து முழுவதும் சீனியாகிவிட்டது. நனைந்த மோல்ட் கூடையை அப்பா ஒரு முனகலும் இல்லாமல் தூக்கிப் பிடித்தார்.

பத்து முப்பத்தைந்துக்குக் கொதி வந்தபோது அம்மாவும் கீழே வந்து நின்றார். "படிச்ச பிள்ளை எண்டு கலியாணம் பேசுறதோ, சாராயம் காய்ச்சுற பிள்ளை எண்டு பேசுறதோ?"

"ரெண்டையும் சொல்லுங்கோ. வேண்டாம் எண்டு சொல்லுற வேலை எனக்குக் குறையும்."

முதற் கொதியில் நுரை வேகமாக ஏறும் என்று நான் தாளில் எழுதியிருந்தேன். ஏறியது. பழுப்பு நுரை விளிம்புக்கு வந்ததும் சுவிட்சில் கையை வைத்தேன்.

"பொறு!" என்றார் அம்மா. "நிப்பாட்டாதை!"

"அம்மா, நிலம்!"

"நிலத்தை நான் பாக்கிறன். கொஞ்சம் விடு பிள்ளை."

அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் முதல்நாள் பொங்காத பால் அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது என்று விளங்கியது. மூன்று வரை எண்ணினேன். நுரை விளிம்பைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. பிறகு சுவிட்சை நிறுத்தினேன். ஒரு கரண்டி அளவுதான் சிந்தியிருக்கும். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முட்டுக்காலில் இருந்து சுடுநீரால் நிலத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தை மறுபடியும் துடைத்தார்.

பிறகு கசப்புக்கு ஹொப்ஸ் பூ போட்டேன், ஒரு மணி நேரம் கொதித்தது, ஆறவைத்தேன். முப்பது லீற்றரையும் நிலவறையில் புளிக்கவைக்கும் வாளிக்கு மாற்றி ஈஸ்ட் தூவினேன். பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்குப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினேன்.

ஐம்பத்தைந்துக்கு அப்வார்ட் வந்தார். சப்பாத்தின் அடியால் நிலத்தை இரண்டு இடங்களில் தேய்த்துப் பார்த்தார். ஒட்டவில்லை. ட்ரிப் சுவிட்சைப் பார்த்தார். பின்னாலேயே இரண்டாம் மாடி அம்மா கூடையோடு வந்து, இங்கே யாராவது பாண் சுட்டார்களா என்று கேட்டார். அப்வார்ட் என்னைப் பார்த்து, உங்கள் முறையில் நீங்கள் எதைத் தோய்க்கிறீர்கள் என்பது உங்கள் விஷயம் என்றார்.

முதல் பியரின் கசப்பு நன்றாக இருந்தது. நுரை மட்டும் நிற்கவில்லை. மூன்று தரம் கழுவியும், நுரையைக் கெடுக்கும் பாற்கொழுப்பு எங்கோ மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டாவதிலிருந்து நிற்கிறது.

அந்தப் பிளக்குக்கு இன்றுவரை பூட்டு இல்லை. சுருளும் அதே சுருள்தான். எங்கள் தோய்ப்பு முறைகளில் மூன்றில் ஒன்று என்னுடையது. அந்த வாரம் அம்மா பெரிய துணிகளைத் தோய்ப்பதில்லை. பால் சமையலறையில், சின்னச் சட்டியில், ஏழு மணிக்கு முன் பொங்கிவிடுகிறது.