கஞ்சி போன டவல்

1. மேஜைக்கு வந்தது

துவைத்த துணியைத் திரும்ப எடுப்பதில்லை. சாலைக் கடைத்தெருவில் எந்த ஜவுளிக்கடையிலும் இது எழுதி வைக்காத சட்டம். நான் வேலை பார்த்த கடையிலும் அப்படித்தான். அதனால் அந்த அம்மாள் ஒரு டவலை மேஜைமேல் வைத்தபோது, துவைத்தது என்று கண்டதுமே என் வாயில் பதில் தயாராக இருந்தது. அவர் சொல்ல விடவில்லை.

"பிள்ளை, இது நீங்க எடுத்துத் தந்ததுதானே?"

என் கையால் கட்டிக் கொடுத்ததுதான். பத்து நாள்கூட ஆகவில்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. திருவிதாங்கூர் மகாராஜா ஆண்ட காலம். நாஞ்சில் நாட்டிலிருந்து அவருடைய தலைநகரத்துக்கு வந்து அந்தக் கடையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் கோட்டாறில் ஒரு நூல் கடையில் நாலு வருஷம் இருந்தேன். நூல் நம்பர் என்கிற சன்னக் கணக்கு, முறுக்கு, நெய்வதற்கு முன் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி எல்லாம் அங்கே கைப்பழக்கமாக வந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததற்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

அந்த அம்மாள் பெயர் பாகீரதி. கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு. அந்தத் தெருப் பெண்கள் கடைக்கு நேரில் வருவது அபூர்வம். ஆண்கள் வருவார்கள், இல்லையென்றால் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே போய் விரித்துக் காட்டுவோம். இவருக்கு அனுப்ப ஆள் இல்லை. கணவர் ஹஜூர் கச்சேரி என்ற அரசாங்கத் தலைமை அலுவலகத்தில் ராயசமாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்து படுக்கையில் கிடந்தார். முதல் தடவை வந்தபோது, "குளிப்பாட்டித் துவட்ட நல்லதா ரெண்டு டவல் வேணும்" என்றுதான் கேட்டார்.

புதிதாக வந்த மில் டவலை எடுத்துப் போட்டேன். வெள்ளை வெளேரென்று பலகை மாதிரி நிற்கும். "தூக்கிப் பாருங்கம்மா, என்ன கனம்! பத்து வருஷத்துக்குக் கிழியாது" என்றேன். எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாக விற்றது.

இப்போது அதே டவல் மேஜைமேல் துவண்டு கிடந்தது. இழைகளுக்கு நடுவே, அடியில் இருந்த மரத்தின் கறுப்பு தெரிந்தது.

"மொதல்ல நனைச்சப்போ தண்ணி பால் மாதிரி வெளுத்துது. மூணாவது தடவையும் வெளுப்பு போகலை. அவருக்குத் துவட்டினா தண்ணியை இழுக்கவே இல்லை, முதுகுல உரசித்து. தோல் வழண்டு போச்சு. படுத்த படுக்கையா கெடக்கறவருக்குத் தோல் வழண்டா லேசுல ஆறுமோ? இப்போ கஞ்சியெல்லாம் போயாச்சு. பாத்தேளா, துணியே இல்லை."

முதலாளி ஆறுமுகம் பிள்ளை தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. "தொவச்சதை எடுக்கிற வழக்கம் இல்லம்மா. நீங்க தனியா வந்திருக்கீங்க, அதனால புதுசு ஒண்ணு தாறேன். கொண்டு போங்க" என்று சொல்லி அலமாரியில் கை வைத்தார்.

"அதே கட்டுலேந்துதானே எடுக்கறேள்? எனக்கு வேண்டாம்" என்றார் அந்த அம்மாள். "நல்லதை எப்படிப் பாத்து வாங்கறதுன்னு சொல்லுங்கோ. அது மட்டும் மதி. நான் வேற எங்கயானும் வாங்கிக்கறேன்."

இதை அவர் முதலாளியிடம் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதே சரக்கில் இன்னும் பல கட்டுகள் உள்ளறையில் பிரிக்காமல் கிடந்தன. முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழகப் பழகத் தெரியும்மா" என்றேன்.

 அந்த அம்மாள் டவலை நாலாக மடித்து எடுத்துக்கொண்டார். "வெறுதே வந்தேன்" என்றார். வீணாக வந்தேன் என்பதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

2. பாலராமபுரம் போனது

அந்த வாரம் முழுக்க மேஜையில் நின்று அதே டவலை விற்றேன். "என்ன கனம்!" என்று மட்டும் வாயில் வரவில்லை. அது இல்லாமலே விற்றது.

விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் பாலராமபுரம் போனேன். அங்கே தறி வைத்திருந்த ஒருவரை நூல் கடைக் காலத்திலேயே எனக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஈரிழைத் துவர்த்து இரண்டு எடுத்துப் போட்டார்; எங்கள் பக்கத்துக் கைத்தறித் துண்டு. இரண்டு இழை சேர்த்து ஓட்டி நெய்தது. முறுக்குக் குறைந்த நூல். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. பழுப்பு நிறம், ஓரத்தில் ஒரு கரை. என் மேஜையில் அதை விரித்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"தறியில ஓடணும்னா பாவுக்குக் கஞ்சி வேணும்" என்றார் அவர். "தொடைக்கிறவனுக்கு அது எதுக்கு? ரெண்டு தடவை ஊறப் போட்டு அலசிட்டுக் குடுங்க."

அப்படியே செய்து, வெயிலில் உலர்த்தி, மறுநாள் காலையில் கடை திறக்கும் முன் கோட்டைக்குள் அந்த வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் நின்று, "சாலைக் கடையிலிருந்து வந்திருக்கேம்மா" என்று குரல் கொடுத்தேன்.

"அங்கேயே வச்சுட்டுப் போங்கோ" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கடைத்துணியை நனைத்துத்தான் அந்த வீடுகளில் உள்ளே எடுப்பார்கள். வைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள், "பிள்ளை, ஒரு கை பிடிக்கணுமே" என்று அவரே கூப்பிட்டார்.

முன்கூடத்தில் கணவரைப் பலகையில் உட்கார வைத்துக் குளிப்பாட்டி முடித்திருந்தார். அவர் வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனார். அந்த அம்மாள் ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் துவட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது கிழித்த பழைய வேஷ்டி. அது முழுக்க நனைந்து போயிருந்தது.

நான் தயங்கினேன். "ரோகி முன்னால மடி என்ன மடி, வாங்கோ" என்றார். போய் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். நான் கொண்டுபோன துவர்த்தை அவர் எடுத்து விரித்தார்.

அப்போதுதான் முதுகைப் பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. நான் விற்ற டவல் செய்தது. அந்த அம்மாள் தேய்க்கவில்லை. துவர்த்தை மேலே வைத்து மெல்ல ஒற்றினார். ஈரம் துணிக்குள் போவது கண்ணுக்குத் தெரிந்தது. என் கைக்குள் இறுகியிருந்த அந்தத் தோள்கள் தளர்ந்தன. வாதத்தில் பேச்சும் போயிருந்த அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரைப் படுக்க வைத்த பிறகு அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதுத்துணியின் ஒரு மூலையை இரண்டு கையாலும் கசக்கிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கனம் நூலில் இல்லை, கஞ்சியிலும் அதோடு கலக்கும் வெள்ளைக் களிமண்ணிலும் இருக்கிறது. கசக்கிய மூலையை வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு நெருக்கமா இல்லையா என்று தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நல்ல துணி உடனே குடிக்கும். கஞ்சித் துணியில் சொட்டு முத்து மாதிரி நிற்கும். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் உங்களுக்கு அன்னிக்கே தெரியுமோ?" என்றார்.

"தெரியும்மா."

"கேட்டேனே."

"முதலாளி பக்கத்துல நின்னாரு."

அவர் துவர்த்தைக் கொடியில் விரித்துக்கொண்டே, "நாளைக்கும் நிப்பாரே" என்றார்.

3. வேஷ்டிப் பக்கம்

அன்றைக்கே கடையில் மேஜைமேல் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தேன். முதலில் வந்தவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்து வாத்தியார் ஒருவர். மில் டவலைக் காட்டி, "நல்லதாணோ?" என்று கேட்டார். நான் மூலையைக் கசக்கினேன். கறுத்த மேஜைமேல் பொடி விழுந்தது. தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். அது அப்படியே நின்றது. பக்கத்தில் கிடந்த சாதாரணத் துவர்த்தின் மேல் விட்டேன். மறைந்துவிட்டது. வாத்தியார் சிரித்துவிட்டு, துவர்த்து நாலு எடுத்துக்கொண்டு போனார்.

முதலாளி இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை. தைரியத்தில் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

முதலாளி கூப்பிட்டார். "எடே தாணு, நீ எந்தக் கடையில வேலை பாக்கே?"

"இந்தக் கடையிலதான் முதலாளி."

"பொறவு ஏன்டே சரக்கை நனைக்கே?"

"வீட்டுக்குப் போயி நனைச்சா தெரியத்தானே போவுது முதலாளி. இங்க வச்சே தெரிஞ்சா, அடுத்த தடவையும் நம்மகிட்ட வருவாரு."

போகச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர், "இனிமே நீ வேஷ்டிப் பக்கம் நில்லு" என்றார். செம்பை எடுத்து உள்ளே வைத்தார்.

வேஷ்டிப் பக்கம் ஏழெட்டு மாசம் நின்றேன். மில் டவலை வேறு ஆள் விற்றார். கட்டுகள் எல்லாம் தீர்ந்தன. வாங்கினவர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. அதை முதலாளி நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டார். அவர்கள் வேறு துணி வாங்கவும் வரவில்லை என்பதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

நடுவில் ஒரு நாள் பாகீரதி அம்மாள் வந்தார். டவல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, நான் நின்ற இடத்துக்கு வந்தார். "முதுகு ஆறிடுத்து. பாலராமபுரத்துலேந்து வாங்கிண்டு வந்தேளே, அதுலதான் தெனம் துவட்டறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். கடையே கேட்கிற குரலில்தான் சொன்னார். பங்குனியில் அந்த மனிதர் காலமானார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். கடையில் வாடிக்கைக்காரர் யாரும் இல்லை. முதலாளி வேஷ்டிப் பக்கம் வந்து, அடுக்கி வைத்ததையே திரும்ப அடுக்கிக்கொண்டு நின்றார்.

"எடே தாணு, மக பிரசவத்துக்கு வந்திருக்கா."

"சந்தோஷம் முதலாளி."

"பிள்ளையத் தொடைக்க நாலு துவர்த்து வேணும். நல்லதா."

"நேத்துத்தானே மில் டவல் புதுக்கட்டு வந்திருக்கு முதலாளி. அதுல எடுத்துத் தரட்டா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். ஒரு காளை வண்டி போய் முடிகிற வரைக்கும் பார்த்தார்.

"அது வேண்டாம்டே. நீ அண்ணைக்குப் போனியே, அங்க போயி வாங்கிட்டு வா."

வாங்கி வந்தேன். இரண்டு தடவை ஊறவைத்து, அலசி, உலர்த்திக் கொடுத்தேன்.  பேரன் பிறந்த மூன்றாம் நாள் கடைக்கு வந்த முதலாளி உட்காராமலே கேட்டார்: "அந்தத் தறிக்காரன் மாசா மாசம் நமக்குத் தருவானாடே? கேளு." அடுத்த வாரம் என்னை டவல் பக்கம் மாற்றினார்.

அப்புறம் வெகு காலம் அங்கேயே இருந்தேன். ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் என்னிடம் துணி பார்க்கக் கற்றுக்கொடுக்கச் சொல்வார்கள். கசக்கவும் நனைக்கவும் ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் நூல் நம்பர் ஒன்றும் தெரியாத முதலாளிக்கு, தன் வீட்டுக்கு எது வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அதே மாதிரி ஒரு வீடு இருக்கிறது. அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். கற்க எனக்கு இன்னொருவர் முதுகு வேண்டியிருந்தது.