மாமியின் நெல்லும் ஐந்து மைல் ஆகாயமும்

கலியாணம் கட்டி வந்த புதிதில் எங்கள் வீடு வவுனியாவுக்குப் பக்கத்தில், உலகச் சண்டைக்காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன விமான ஓடுபாதையின் ஓரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அதில் விமானம் இறங்கி யாரும் பார்த்ததில்லை. நெல்தான் காய்ந்தது. அவித்த நெல்லைப் படங்கு விரித்துப் பரப்பிவிட்டால் தாரின் சூட்டில் ஒரே பகலில் முறுகிவிடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஓடுபாதையைத் திரும்பத் திறக்கலாமா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு தமிழ் அதிகாரி வந்தார். என் வீட்டுக்காரரைத் தற்காலிகக் காவலாளி ஆக்கினார். முதல் விமானம் பிசகில்லாமல் இறங்கினால் வேலை நிரந்தரம். பிசகினால் நாங்கள் யாழ்ப்பாணம் போய், இவருடைய தமையனின் கடையில் இவர் தராசு பிடிக்க வேண்டும், நான் அந்தத் தமையன் பெண்சாதியின் குசினியில் அடுப்பூத வேண்டும். அந்தக் குசினியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பெரிய விமான நிலையத்தில கோபுரத்தில ஒராள் இருப்பார். அவரைக் கேளாமல் ஒண்டும் அந்த ஆகாயத்துக்குள்ள வரேலாது. அப்பதான் மோதாமல் கொள்ளாமல் இறங்கலாம்" என்றார் அதிகாரி. "இஞ்ச கோபுரம் இல்லை. நீர்தான் கோபுரம். சுத்திவர ஐஞ்சு மைல் ஆகாயம் உம்மட பொறுப்பு."

ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, ஒரு விசில். இவ்வளவும் கைக்கு வந்ததும் இவருடைய நடையே மாறிவிட்டது. சாப்பிடும்போதுகூட அண்ணாந்து பார்த்தார். சொதி நெஞ்சில் வடிந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சட்டம் சொன்னார். காடு வெட்டிய சேனைக்கு நெருப்பு வைக்கக் கூடாது, புகை எழும்பும். வயலில் கிளி கலைக்கக் கவண் எறியக் கூடாது.

"அப்ப கிளி முழுக்கத் திண்டுபோடுமே?" என்று ஒருவர் கேட்டார்.

"எறியுங்கோ. ஆனா பதிச்சு, நிலத்தோட எறியுங்கோ."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் ஆளுயரப் பட்டத்துக்குக் காற்றில் அதிரும் விண் நார் பூட்டி ஏற்றி, பாலை மரத்தில் கட்டிவிட்டுப் படுக்கப் போவது வழக்கம். விடியும்வரை அது கூவும். இவர் போய், பனை உயரத்துக்கு மேலே எல்லாம் அரசாங்கத்தின் சொத்து என்று அதை இறக்குவித்தார்.

"என்ர சேவல் பறந்தா?" என்றார் அவர், கடுப்பில்.

இவர் கொஞ்சம் யோசித்தார். "சேவல் பரவாயில்லை."

விமானம் வருகிற நாள் காலை. ஆகாயத்தில் ஒரு காகம்கூட இல்லை. அவ்வளவுக்கு விடியத் தொடங்கித் தகரம் தட்டியிருந்தார். பச்சைக் கொடியோடு ஓடுபாதையின் தலைப்பில் விறைத்துக்கொண்டு நின்றார். நான் வேலியடியில் நின்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

விமானம் தாழ்ந்து வந்தது. அடியில் சில்லுகூடத் தெரிந்தது. அப்படியே திடீரென்று மேலே எழும்பிப் போய்விட்டது.

இவர் ஆகாயத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. கொடியை இன்னும் பலமாக ஆட்டினார். விமானம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, திரும்பவும் எழும்பியது.

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். ஓடுபாதையின் நடுவில் நாலு படங்கு நிறைய நெல். அதற்குள் என் மாமி, இவரைப் பெற்ற தாய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கச் சட்டம் சொன்ன மனுசன் சொந்தத் தாய்க்குச் சொல்லவில்லை. நெல் கிடந்தது அவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. வீட்டில் பாய் கிடந்தால் யார் பார்க்கிறார்கள்?

"மாமி, விமானம்! ஓடிவாங்கோ!" என்று கத்தினேன்.

"அங்கால எவ்வளவு இடம் கிடக்கு! அங்கால இறங்கச் சொல்லு."

விமான ஓட்டியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அங்காலப் பாதியில் இறங்கி, மாமிக்குக் கிட்ட வந்து திரும்பி நின்றார். விசிறிக் காற்றில் நாலு படங்கு நெல்லும் கிளம்பி ஐந்து மைல் ஆகாயத்துக்குள் போனது.

விமானத்துக்குள் இருந்து அதிகாரிதான் தலையில் நெல்லோடு இறங்கினார். "ஆகாயத்தைத் துடைச்சு வைச்சிருக்கிறீர். நிலத்தைப் பாக்கேல்லையோ?"

"நிலத்தைப் பற்றி ஐயா ஒண்டும் சொல்லேல்லை."

முடிந்தது கதை என்று நினைத்தேன். அழுகை வந்தது. அதற்குள் மாமி சிந்திய நெல்லை அள்ளக் கடகத்தோடு வந்துவிட்டார்.

"தம்பி, நீங்களோ இதில வந்தது? நெல்லுக் காயமுன்னம் வாறதே?"

அதிகாரி மாமியைப் பார்த்தார், கடகத்தைப் பார்த்தார். "அப்ப எத்தினை மணிக்கு வரலாம் அம்மா?" என்றார் நக்கலாக.

மாமி நக்கலைக் கவனிக்கவில்லை. "வெயில் சாய வாங்கோ."

ஓட்டி சத்தமாகச் சிரித்தார். அதிகாரியும் சிரித்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "ஒருமாதிரி இறங்கிப்போட்டம், உமக்கு வேலை நிரந்தரம். ஆனா இனி அம்மாவைக் கேட்டுப்போட்டு எனக்குத் தந்தி அடியும்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். இவர் அதையும் சட்டமாக எடுத்துக்கொண்டார். விமானம் வரப்போகிறது என்றால் முதல்நாளே காவலாளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போய் மாமிக்கு முன்னால் நிற்பார்.

"அம்மா, நாளைக்கு ஒண்டு இறங்கட்டோ?"

மாமி ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். "ஈரம் கிடக்கு. நாளையிண்டைக்கு வரச் சொல்லு."

இவர் தபால் கந்தோருக்குப் போய், நாளை கடும் மேகமூட்டம் என்று தந்தி அடிப்பார். வெளியே நெல் காய வெயில் எறித்துக்கொண்டிருக்கும்.