எழுதி முடித்துவிட்டு நில்

இரத்த வங்கிக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுத்தவளை ஆபீசில் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேசை டிராயர் முதல் டிபன் டப்பா வரை பூட்டி வைக்கிற ஆள், சரியான பிடிவாதக்காரி. வீட்டில் புருஷன் சாப்பிடக் கூப்பிட்டாலும் கையிலிருக்கும் வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பாள்.

வங்கியில் இருந்தது பழைய கணினி. ஒவ்வொரு பதிவும் ஆடி அசைந்துதான் ஏறும். அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பொறுமை இருந்தால்தானே! நிறுத்தும் விசையைப் படபடவென்று தட்டிவிடுவார்கள். அப்படித்தான் ஒரு பதிவு பாதியில் அறுந்தது. இரத்தப் பையின் எண் இருந்தது, இரத்த வகை இல்லை. நல்லவேளை, பை வெளியே போகுமுன் வங்கியின் டாக்டரம்மா கண்ணில் பட்டது.

"அந்த விசையையே எடுத்துடு," என்றார் ஆபீஸ் மேனேஜர்.

"அதெப்படி? நிறுத்துன்னா நிக்கணும் சார். எழுதி முடிச்சிட்டு நிக்கணும், அவ்வளவுதான்."

விசையைத் தட்டினால் நிரலுக்கு ஒரு சிக்னல் போகும். பதிவு ஏறும் நேரத்துக்கு மட்டும் அதற்குத் தடை போட்டாள். வந்த சிக்னல் தொலையாது, வாசலில் காத்திருக்கும். எழுதி முடித்துத் தடையை எடுத்ததும் உள்ளே வந்து நிரலை நிறுத்தும்.

மறுவாரமே மானம் போனது. நிரல் யார் பேச்சையும் கேட்கவில்லை. தட்டித் தட்டி அலுத்துப்போய் யாரோ பிளக்கைப் பிடுங்க, மறுபடி பாதிப் பதிவு.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க நிரலே வேண்டாம்மா. கையாலயே எழுதிக்கிறோம்," என்றார் டாக்டரம்மா.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வரி வரியாகத் தேடினாள். ஒரே எண்ணை இரண்டு முறை அடித்தால், நிரல் எதையும் எழுதாமல் திரும்பிவிடும்படி வைத்திருந்தாள். அப்படித் திரும்பும்போது தடையை எடுக்க மறந்திருந்தாள்; அதற்குப் பின் வந்த சிக்னலெல்லாம் வாசலிலேயே கிடந்தது. அடிப்பாவி, பூட்டத் தெரிந்தவளுக்குத் திறக்க மறந்துபோச்சே! எந்த வழியாகத் திரும்பினாலும் தடை விலகும்படி மாற்றினாள்.

சோதனை அன்று டாக்டரம்மா வேண்டுமென்றே ஒரே எண்ணை இருமுறை அடித்தார். அடுத்துப் புதுப் பதிவு ஒன்றைப் போட்டு, அது ஏறும்போதே விசையைத் தட்டினார். பூட்டக்கா திரையை எட்டிப் பார்த்தாள். எண் ஏறியது. வகை ஏறியது. அப்புறம் நிரல் சமர்த்தாக நின்றது.

"பரவாயில்லையே, இதுவே இருக்கட்டும்மா!" என்றார் டாக்டரம்மா.

அவளை அழைத்துப்போக வந்திருந்த புருஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பொண்டாட்டி எழுதினதாச்சே டாக்டர்! கைவேலைய முடிக்காம அது எழுந்திருக்குமா?" என்றவர், அவள் பக்கம் திரும்பி, "கிளம்பலாமா?" என்றார்.

"இந்த ஒரு வரி மட்டும், முடிச்சிட்டு வரேன்."

அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.