மூன்றாம் முறை விடைபெற்ற பாடகர்

அந்த ஆங்கிலேய ராக் பாடகர் மூன்றாவது தடவையாக விடைபெற்ற கச்சேரிக்கு என் மகள் என்னையும் அழைத்துப் போனாள். இளமையில் அரண்மனையைத் திட்டிப் பாடியவர். பிறகு அதே அரண்மனையில் மண்டியிட்டு 'சேர்' என்ற கௌரவப் பட்டம் வாங்கினார். பணக்காரரைச் சாடிய பாட்டை ஒரு வங்கி விளம்பரத்துக்குக் கொடுத்தார். அவரிடம்தான் பாட்டெழுதக் கற்றோம் என்று இரண்டு தலைமுறைப் பாடகர்கள் சொல்கிறார்கள். வெட்கப்படாமல் இருக்கவும் அவரிடமே கற்றார்களோ தெரியாது.

எங்கள் பிள்ளைகள் இப்படி இழுத்தடிப்பதில்லை. லண்டனில் மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து, ஒரு டாக்டரைப் பிரதம விருந்தினராக்கிப் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்வோம். மறுநாள் சலங்கை பெட்டிக்குள் போய்விடும். முதல் மேடையே கடைசி மேடை.

பதினாறு வயதில் என் மகள் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் இருந்த எங்கள் வீட்டில் கிட்டாரும் கையுமாக, அவரைப் போலவே தானும் பாட்டெழுதிப் பாடிக்கொண்டிருந்தாள். நான் கிட்டாரைப் பறித்தேன். அரங்கேற்றம் முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னேன். சொன்னபோதே அதைத் தருமத்துக்குப் பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடையில் கொடுத்துவிட்டிருந்தேன். அவள் ஆடினாள். கிட்டாரைக் கேட்கவேயில்லை. பிறகு ஆடவுமில்லை, பாடவுமில்லை.

இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கச்சேரிக்குப் போகும் ரயிலில் சொல்லிவிட்டேன்.

"பிள்ளை, அந்தக் கிட்டாரை நான் முதலே குடுத்திட்டன். உனக்குப் பொய்தான் சொன்னனான்."

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் அப்பா. கடைக் கண்ணாடிக்குள்ள கிடந்தது. ஸ்கூலுக்குப் போகேக்க பாத்தனான்."

"பிறகேன் ஆடினனீ?"

"கார்ட் அடிச்சு ஊரெல்லாம் குடுத்திட்டியள். நான் ஆடாட்டி எந்த முகத்தோட கோயிலுக்குப் போவியள்?"

நான் ஏமாற்றியதாக நினைத்திருந்த பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"முதல்ல எழும்புங்கோ. ஸ்டேஷன் வந்திட்டுது."

மேடையில் கிழவருக்கு மேல்ஸ்தாயி எட்டவில்லை. எட்டாத இடங்களில் மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினார், அதற்கும் கைதட்டினார்கள். என் மகள் எழுந்து நின்று, ஒரு சொல் விடாமல் அவரோடு பாடினாள். அவளுக்குப் பெரிய குரல் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் இல்லை. அவரை யாரும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.