சாரத்தடியில் கூப்பிட்ட பெயர்

என் வீட்டுக்காரரின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு அங்கிருந்த அத்தனை பேரும் அதிர்ந்து போனார்கள். ஒரு பாரக்கல் அந்தரத்தில் ஆடி வந்து சுவரைப் பெயர்த்துக்கொண்டு போனதே, அதற்கு யாரும் அப்படி அதிரவில்லை. இத்தனை காலம் கழித்து எழுத உட்காரும்போதும் எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

அது முப்பதுகளில், வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அலங்காநல்லூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த நாங்கள், மழை பொய்த்ததும் மதுரைக்குக் கட்டட வேலைக்கு வந்து சேர்ந்தோம். வைகைக்கு வடகரையில் ஒரு பஞ்சாலைக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டியைத் தாங்குவதற்குக் கல்லும் செங்கலுமாக நெடுநெடுவென்று ஒரு கட்டடம். அதில் என் வீட்டுக்காரர் கொத்தனார், நான் சாந்துச்சட்டி சுமக்கும் சித்தாள். எழுதப் படிக்கப் பிற்பாடுதான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கட்டடத்துக்கு இரண்டே சொல்தான். நாங்கள் இருப்பது குடிசை, பண்ணைக்காரர் இருப்பது காரை வீடு. இங்கே வந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அதிலும் ஆளுக்கொரு பெயர். அந்த நெடிய கட்டடத்தை முதல் நாள் பார்த்ததும் நான் வாயைப் பிளந்துகொண்டு, “எம்புட்டு ஒசரக் கோபுரம்!” என்று சொல்லிவிட்டேன். என்னோடு சாந்து சுமந்த மதினி, என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்டாட்டி, என் வாயிலேயே ஒரு தட்டுத் தட்டினாள்.

“வாயக் கழுவுடி. சாமி இல்லாத எடத்துல என்னடி கோபுரம்?”

மேஸ்திரி பழைய டவுனுக்குள் இருந்து வரும் முஸ்லிம். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பள்ளிவாசல் நினைப்பில் அதை மினாரா என்பார். பஞ்சாலைக் கிளார்க்கு டவர் என்பார். கடைசியில் யார் சொல்லும் நிலைக்காமல், மேலே தொட்டி வருவதற்கு முன்னாலேயே நாங்கள் எல்லோரும் தொட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அதன் பக்கத்தில் ஒரு பெரிய மரக்கம்பம் நட்டிருந்தார்கள். மரத்துக்கு ஒரு கை, கையின் நுனியில் கப்பி, கப்பியில் சங்கிலி. கீழே ஆண்கள் கூடி நின்று சக்கரத்தைச் சுற்றினால் கல் மேலே போகும். மரம் சாயாமல் இருக்க நாலா பக்கமும் வடம் கட்டித் தரையில் முளை அடித்திருந்தார்கள். கிளார்க்கு அதைக் கிரேன் என்றார். எங்கள் ஆண்கள் தூக்குமரம் என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்குத் தெரிந்த தூக்குமரம் மனுசனைத் தொங்கவிடுவது. நம்ம ஆளுகளை எதற்கு இங்கே கூட்டி வந்தார்கள் என்று பகீரென்றாகிவிட்டது. பாய்க்கும் அந்தச் சொல் ஆகாது.

“அந்தப் பேச்சே எடுக்காதீங்கப்பா. பளுமரம்னு சொல்லுங்க” என்பார்.

அதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. பளுமரத்துக்குக் கீழே நின்றுகொண்டு விழும், அறும், சாயும் என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் பலித்துவிடும். கல் விழுந்துவிடும் என்று சொல்ல நினைத்தவன் கல் இறங்கிவிடும் என்பான். கல்லு வருது, கல்லு வருது என்று பொழுதெல்லாம் கத்திக்கொண்டே இருப்பார்கள், அதனால் அந்தச் சத்தத்துக்கு யாரும் தலையைத் திருப்புவதில்லை.

எனக்கு இதற்கெல்லாம் மேலே ஒரு கஷ்டம். என் வீட்டுக்காரருக்கு ஒரு காவல் சாமியின் பெயர். அதன் முன்பாதியும், வீட்டின் மேல்தளத்துக்கு எல்லோரும் சொல்லும் சொல்லும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். புருசன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பெயரை மட்டுமல்ல, பெயர் மாதிரி ஒலிக்கிற சொல்லையும் தொடக்கூடாது. அதனால் எனக்கு மேல்தளமெல்லாம் மச்சு.

“தங்கச்சி, சாந்து எங்க போகுது?” என்று பாய் வேண்டுமென்றே கேட்பார்.

“மச்சுக்கு, பாய்.”

“அதுக்கும் மேல ஒண்ணு கட்டியாச்சேம்மா, அதுக்குப் பேரு?”

“மச்சுக்கு மேல மச்சு.”

மதினி விழுந்து விழுந்து சிரிப்பாள். “இவ புருசனுக்கு ரயிலுன்னு பேரு வச்சிருந்தா, இவ மதுரைக்கு நடந்தேதான் வந்துருப்பா” என்பாள். நானும் சிரிப்பேன். அவரை நான் கூப்பிடுவது ஏங்க. அவர் என்னைக் கூப்பிடுவது ஏ புள்ள. மாமியாருக்கு நான் இவளே, பாய்க்குத் தங்கச்சி. எனக்கும் பெயர் என்று ஒன்று இருந்தது, அது எங்க ஆத்தா வீட்டோடு நின்றுபோனது.

நான் பெயரைச் சொன்ன அன்றைக்கு, முந்தின ராத்திரி பெய்த மழையில் தரை சொதசொதவென்று இருந்தது. தொட்டியின் உச்சிக்கு ஒரு கல் உத்தரத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மேலே சுவர்மேல் காலைப் போட்டு உட்கார்ந்து, கல் உட்காரும் இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முதுகு பளுமரத்தின் பக்கம். சாரத்தில் இன்னும் பல பேர். பாய் வெயிலைக் கையால் மறைத்து மேலே பார்த்தபடி சக்கரக்காரர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சாந்துக் குவியலிடம் குனிந்து சட்டியை நிரப்பினேன். என் கண்ணுக்கு நேரே, வடம் கட்டியிருந்த முளை ஈர மண்ணிலிருந்து மெல்ல மேலே வந்தது.

நிமிர்ந்து பார்க்கிறேன், பளுமரத்தின் கை திரும்புகிறது. கல் அவர் முதுகைப் பார்த்து ஆடிப் போகிறது.

“ஏங்க!” என்று கத்தினேன்.

சாரத்தில் நாலைந்து ஆண்கள் குனிந்து பார்த்தார்கள். அத்தனை பேரின் பெண்டாட்டிகளும் கீழேதான் சாந்து சுமந்தார்கள், அத்தனை பேரும் ஏங்கதான். அவர் மட்டும் திரும்பவில்லை. வேறு எவளோ வேறு எவனையோ கூப்பிடுகிறாள் என்று சுரண்டிக்கொண்டே இருந்தார்.

“இந்தாங்க! கல்லு!”

பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிக்கொண்டார்கள். கல் வருவது என்ன புதுசா?

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. என் அடிவயிற்றிலிருந்து அவர் பெயர் வந்தது. முழுப் பெயர். அந்தச் சாரத்தில் அந்தப் பெயர் அவர் ஒருத்தருக்குத்தான். தீயை மிதித்தவர்போல அவர் திரும்பினார், கல்லைப் பார்த்தார், சுவரை விட்டுவிட்டுச் சாரத்து மூங்கிலைப் பாய்ந்து கட்டிக்கொண்டார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் கல் மோதி, செங்கல் வரிசையைப் பெயர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போய், சங்கிலியில் சுற்றி நின்றது. “யா அல்லா!” என்று பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்படியே நின்றேன். என்னைத் தேற்றுவாள் என்றுதான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“ஆத்தாடி! புருசன் பேரச் சொல்லிப்புட்டாளே!”

சட்டிகளைக் கீழே போட்டுவிட்டு எல்லாப் பெண்களும் வந்து என்னைப் பார்த்தார்கள். சொன்னாளா, நெசமாகவா, முழுசாகவா, பேரச் சொல்லியா கூப்பிட்டா என்று ஒரே பேச்சு. அங்கே மேலே உடைந்த சுவரிலிருந்து செங்கல் துண்டுகள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தன, ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவர் மூங்கிலைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அந்த முகத்தில் கல்லைப் பார்த்த பயமா, என் குரலைக் கேட்ட பயமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாமியார் மத்தியானக் கஞ்சி கொண்டு வருவதற்குள் வழியிலேயே சேதி போய்விட்டது. வந்த வேகத்தில் மகனைச் சுற்றி மண்ணை அள்ளித் திருஷ்டி கழித்துப் போட்டாள். என்னைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள்.

“எம்மகன் ஆயுசக் கொறச்சிட்டியேடி, பாவி!”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

“அத்தே, ஒங்க மகன் இந்தா உசுரோட கஞ்சி குடிக்காரு. நான் வாயப் பொத்திட்டு நின்னிருந்தா இந்நேரம் என்ன செஞ்சிக்கிட்டு இருப்பீக?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் மாமியாரை எதிர்த்துப் பேசியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவர் கலயத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரம் முழுக்க அவர் பேசவே இல்லை. ஏ புள்ள என்றுகூடக் கூப்பிடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. செத்துப் பிழைத்த மனுசன், பிழைக்க வைத்தவளை ஏறிட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறாரே. அதைவிட ஒரு பயம் உள்ளே அரித்தது. மாமியார் சொன்னதை நானும் பாதி நம்பினேன். அவர் தும்மினால்கூட, என் வாயால் வந்ததோ என்று திடுக்கென்றது.

பளுமரத்தைச் சரிசெய்து, முளைகளை ஆழமாக இறக்கி, மறுபடி அதே உத்தரத்தை ஏற்றினார்கள். அவர் மறுபடி உச்சியில். நான் சட்டியைத் தலையில் வைத்துச் சாரத்தடியில் நின்றேன். மேலே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஒரு பெண்ணின் பெயர். ஆண் குரல். யாரடா இவன், இத்தனை பேர் நடுவில் பொம்பளை பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டு சும்மா நின்றேன். மறுபடியும் அதே பெயர், தொண்டை கிழிய.

“ஒன்னையத்தாண்டி!” என்று மதினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் இருவரும் சாந்துக் குவியலில் போய் விழுந்தோம். நான் நின்ற இடத்தில் சாரத்து உச்சியிலிருந்து ஒரு கனத்த மரக்கட்டை வந்து விழுந்து, தலையிலிருந்து நழுவிக் கிடந்த என் சட்டியை நசுக்கியது.

அவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார், அத்தனை பேர் முன்னால். அது என் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்திக்கு வேலை முடிந்து ஆற்றங்கரையோடு குடிசைக்குத் திரும்பினோம். அவர்தான் முதலில் பேசினார்.

“கூப்பிட்டாத் திரும்ப மாட்டியா? அம்புட்டுக் கத்துக் கத்துறேன்.”

“என்னையத்தான் கூப்பிடுறீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஒம் பேருதான, புள்ள?”

“எம் பேருதான். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து யாரு கூப்பிட்டாக?”

அவர் நடுப்பாதையில் நின்றுவிட்டார். கட்டையைப் பார்த்தபோதுகூட அவர் முகம் அப்படி வெளிறியிருக்காது. கொஞ்ச தூரம் என் பின்னாலேயே நடந்து வந்தார். பிறகு மெதுவாக என் பெயரைச் சொன்னார். நான் திரும்பினேன்.

“பழகிக்க. மேல இருந்து கத்துனா சட்டுன்னு திரும்பணும்.”

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னார். இந்தத் தடவை சட்டென்று திரும்பினேன். சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அவர் என்னைத் தாண்டி முன்னே போனார்.

மதினி தொலைவில் போய்விட்டாளா, பின்னால் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். நானும் அவர் பெயரைச் சொன்னேன், கத்தாமல், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில்.

அவர் திரும்பினார்.