வண்டி கிளம்பினதும் ஏத்திக்கிறேன்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. இப்படிச் சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம், சிரியுங்கள். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட் வைத்து பீங்கான் பியூஸ் கட்டை செய்துகொண்டிருந்தவன் நான். சூளைக்குத் தீ மூட்டும்போது ஆட்கள் கற்பூரம் காட்டுவார்கள், நான் அந்த நேரம் பார்த்து வெளியே போய் நிற்பேன். சரக்கில் கீறல் விழுந்தால் மண்ணில் ஈரம் இருந்திருக்கும், இல்லை சூடு அவசரமாக ஏறியிருக்கும், அவ்வளவுதான், காரணம் இல்லாமல் எதுவும் உடையாது என்று ஆட்களோடு சண்டை போடுகிற ஜாதி. அதனாலேயே இதை இத்தனை வருஷம் வெளியில் சொல்லவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பழைய கார் வாங்கினேன். கறுப்பு வண்டி, எனக்கு முன்னாலேயே இரண்டு கை மாறியது. எனக்கு விற்றவர் நடேசன் என்று ஒரு பெரியவர், சர்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாத தனி ஆள். கண்ணில் புரை விழுந்து ஓட்ட முடியாமல் போனதால் விற்றார். சாவியைக் கொடுத்துவிட்டு அவர் உடனே உள்ளே போகவில்லை. பின்பக்கக் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். ஆசையாக வைத்திருந்த வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வண்டி என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பத்து மைல் போவதற்குள் ரேடியேட்டர் கொதிக்கும். காலையில் கைப்பிடி போட்டுச் சுற்றாமல் ஒரு நாளும் கிளம்பாது. முன் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். காலுக்குக் கீழே தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, ஓடும்போது ரோடு தெரியும், மழை பெய்தால் தண்ணீர் மேலிருந்தும் வரும் கீழிருந்தும் வரும். இதெல்லாம் பழைய வண்டிக்கு உள்ளதுதான், நான் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் புரியாமல் இருந்தது. பின்சீட்டில் இடது பக்கம் மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியே கிடக்கும். மூன்று தடவை ஸ்பிரிங் மாற்றினேன், புதுசாகத் தேங்காய் நார் திணித்தேன், பத்து நாள்கூடத் தாங்காது.

ஜங்ஷன் ரோட்டில் ஷெட் வைத்திருந்த ரஹீம் பாய்தான் என் மெக்கானிக். மூன்றாவது தடவை சீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "உடையல சார், வளையவும் இல்ல. கழட்டி வெளிய வச்சா நிமிந்துக்குது. உள்ள வச்சா அமுங்கிக்குது," என்றார். அடியில் இருக்கிற பலகை கோணலாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவர் சீட்டைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினார்.

என் மனைவி சரோஜா அந்தப் பக்கம் உட்காரவே மாட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "யாரு மடியிலயோ ஏறி குந்துன மாதிரி இருக்குதுங்க," என்றாள். ஸ்பிரிங் அப்படி இருக்கிறது என்று அவளுக்கும் ஒரு காரணம் சொன்னேன்.

இப்படியே மூன்று நான்கு வருஷம் ஓடியது. எழுபதுகளின் தொடக்கம், ஒரு ஐப்பசி மாதம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு யூனிட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் எஸ்டேட் ஆபீசுக்கு டிரங்க் கால் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அக்காவுக்குக் காலையிலிருந்து வயிற்றுவலி, இப்போது பேச்சே இல்லை, மாமா வெளியூரில் இருக்கிறார், சிதம்பரம் கொண்டுபோகச் சொல்கிறார் டாக்டர், வண்டி கிடைக்கவில்லை, உடனே வாருங்கள் என்றார். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்காதான். ரேடியேட்டருக்கு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, போட்டிருந்த சட்டையோடு கிளம்பிவிட்டேன்.

கருவேப்பிலங்குறிச்சி தாண்டும் வரைக்கும் வண்டி மூச்சுவிடாமல் ஓடியது. தாண்டி இரண்டு மைல் போயிருப்பேன், ஒரு பம்புசெட் கொட்டகைக்கு எதிரில் நின்றுவிட்டது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் போட்டுக் கை காய்த்துப்போகிற அளவுக்குச் சுற்றினேன். பிளக்கைத் துடைத்துப் போட்டேன். அசையவில்லை. பட்டப்பகல், நாலு மணிகூட ஆகவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இருட்டில் எதையோ பார்த்து மிரண்டேன் என்று நாளைக்கு நீங்கள் சொல்லக்கூடாது.

வயலில் களையெடுத்துவிட்டு நாலு பேர் கரையேறி வந்தார்கள், இரண்டு ஆண், இரண்டு பெண். கேட்பதற்கு முன்னாலேயே வந்து பின்னால் கை வைத்தார்கள், அந்தப் பக்கத்து ஜனம் அப்படி. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கியரைப் போட்டுக்கொண்டேன். தள்ளுகிறார்கள், தள்ளுகிறார்கள், வண்டி ஒரு முழம் உருண்டு நின்றுவிடுகிறது. அப்போது அவர்களில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், மழைக்குத் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தவள், என் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"ஏங்க, பின்னாடி குந்தியிருக்கிற அம்மாவ செத்த எறங்கச் சொல்லுங்க," என்றாள். "கனமா இருக்குது."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் யாரும் இல்லை. யாருமே இல்லையே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பயந்த பார்வை இல்லை. வீட்டுப் பெண்ணை இறக்கிவிட மனசில்லாமல் நாலு பேரைக் கஷ்டப்படுத்துகிற ஒரு ஆளைப் பார்க்கிற பார்வை. பின்கண்ணாடி வழியாகப் பார்த்த மற்ற மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள். மழைக்குப் பார்த்தால் நான் சாக்கு தருகிறேன் என்றுகூட அந்தப் பெண் சொன்னாள்.

எனக்கு அக்கா நினைப்பு. இவர்களோடு வாதாடிக்கொண்டிருக்க நேரம் இல்லை, கோபித்துக்கொண்டு போய்விட்டால் தள்ளவும் ஆள் இல்லை. இறங்கினேன். சுற்றிப் போய்ப் பின்பக்க இடது கதவைத் திறந்தேன். அவர்களைத் திருப்திப்படுத்தத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை, காலி சீட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா, கொஞ்சம் எறங்குங்க. வண்டி கெளம்பினதும் ஏத்திக்கிறேன்."

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். சீட்டில் ஸ்பிரிங் முனகியது. அமுங்கியிருந்த இடம் மெதுவாக, மாவு உப்புகிற மாதிரி, நாலு விரல் உயரத்துக்கு மேலே வந்து மற்ற இடத்தோடு சமமாக நின்றது. கதவைப் பிடித்திருந்த என் கை லேசாக மேலே போனது, அந்தப் பக்கம் வண்டியே உயர்ந்ததால். சாக்கு போட்ட பெண் ஒரு எட்டு பின்னால் வைத்து வழிவிட்டாள். "இப்படி ஓரமா நில்லுங்கம்மா, சேறு அடிக்கும்," என்று என் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

எப்படி ஸ்டியரிங்குக்கு வந்தேன் என்று தெரியாது. ஒரே தள்ளு. வண்டி பிடித்துக்கொண்டது.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய்யும் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. பயந்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், அந்தப் பெண் கையைக் காட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். மற்ற மூன்று பேரும் ஓடவில்லை. ரோட்டோரத்தில் ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

அக்காவைப் பின்சீட்டில் படுக்கவைத்துச் சிதம்பரம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். குடல்வால் உடைகிற நிலையில் இருந்ததாம், அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னபோது, நான் நிற்காமல் வந்தது சரிதான் என்று எனக்குள் ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். அக்கா பிழைத்தாள். அந்தப் பயணம் முழுக்க வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை, ரேடியேட்டர் கொதிக்கவில்லை.

நாலாம் நாள் விருத்தாசலம் திரும்பினேன். வேண்டுமென்றே வேறு வழியாகச் சுற்றி வந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேரே நடேசன் வீட்டுக்குப் போனேன். உள்ளே போய் உட்காரக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். இந்த வண்டியில் யார் செத்துப்போனார்கள், எதை மறைத்து என் தலையில் கட்டினீர்கள் என்று சத்தம் போடத்தான் போனேன். அவர் என்னைக் கேட்க விடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்த எடத்துல எறக்குனீங்க?" என்றார்.

நான் சொன்னேன்.

"மழையிலயா?"

அவர் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வந்து வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். வழியில் ஒன்றே ஒன்று கேட்டார், அவங்க உங்ககிட்ட ஏதாவது பேசினாங்களா என்று. இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பம்புசெட் கொட்டகை அப்படியே இருந்தது. சாக்கு போட்டிருந்த பெண் அன்றும் வயலில் இருந்தாள். வண்டியைப் பார்த்ததும் வரப்பில் வேகமாக வந்தாள். எனக்கு நல்ல வார்த்தை கிடைக்காது என்று தெரியும், கிடைக்கவும் இல்லை.

"இப்படியாங்க உட்டுட்டுப் போவாங்க? பொழுது போற வரைக்கும் நின்னுட்டு இருந்தாங்க. எங்க வூட்டுக்கு வாங்கன்னு எவ்வளவோ கூப்ட்டேன். ஏத்திக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு, வருவாருன்னுட்டாங்க."

பிறகு எங்கே போனார்கள் என்று கேட்டேன். காலையில் வந்து பார்த்தபோது இல்லை, நீங்கள்தான் வந்து கூட்டிப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றாள்.

நடேசன் ரோட்டைக் கடந்து கொட்டகைக்குப் பின்னால் போனார். கண் சரியாகத் தெரியாதவர், காலால் தடவித் தடவித்தான் போனார். நான் போகவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், அதுதான் எனக்குச் செய்யத் தோன்றியது. கால் மணி நேரம் கழித்து வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏறுங்கள் போகலாம் என்றேன்.

"இல்ல தம்பி, நீங்க போங்க," என்றார். "நாங்க பஸ்ஸுல வந்துக்கிறோம்."

நான் அந்த 'நாங்க'வைக் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கார் ஆறு வருஷம் என்னிடம் இருந்தது. காலையில் ஒரே சுற்றில் கிளம்பும். சீட்டு அமுங்கவே இல்லை. ரஹீம் பாய் ஒரு நாள், என்ன சார், நம்ம பக்கமே வர்றதில்ல என்று கேட்டார். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. வண்டி மங்களூர் பக்கத்து ஆள் ஒருவருக்குக் கைமாறிய அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

அன்றைக்கு ரோட்டில் விட்டுவிட்டு வந்த பிறகு நடேசனை நான் பார்க்கப் போகவே மாதக்கணக்காயிற்று. மனசு கேட்காமல் ஒரு சாயங்காலம் போனேன். கண் ஆபரேஷன் செய்து, ஆள் தெளிவாக இருந்தார். உட்காரச் சொன்னார். அந்த அம்மா யார் என்று நேராகவே கேட்டேன்.

"எனக்கும் தெரியாதுங்க," என்றார். "பாண்டிச்சேரியில வண்டிய வாங்குறப்பவே இருந்தாங்க. பன்னெண்டு வருஷம் ஒண்ணாப் போய் வந்துட்டோம். உங்களுக்கு விக்கிறப்ப எறங்குவாங்கன்னு பாத்தேன். எறங்கல. கூப்புடறதுக்கு எனக்கும் வாய் வரல."

இப்போது எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அவர் டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் கழித்து ஒரு தட்டில் மூன்று டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார், ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். இந்த வருஷம் மழை பரவாயில்லை என்பதுபோல ஏதோ பேசினோம். மூன்றாவது டம்ளரை நான் பார்க்கவே இல்லை, பார்க்கக்கூடாது என்றே ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். விடைபெற்று எழுந்தபோது கண் தானாக அங்கே போய்விட்டது.

பாதி டீதான் இருந்தது.

அவர் ஊற்றும்போதே பாதிதான் ஊற்றியிருக்கலாம். நான் பார்க்கவில்லை.